வைகறைக் கானகமும் பறவைக் கணக்கும்

திருக்குர்ஆனின் 'அந்நம்ல்' அத்தியாயத்தில், சுலைமான் நபி (அலை) அவர்கள் பறவைகளைப் பார்வையிட்ட செய்தி வருகின்றது. அங்கே அவர்கள் வினவுவது, காணப்படாத ஹுத்ஹுதைப் பற்றியே. அப்பறவையைத் தமிழ் கொண்டலாத்தி என்னும். கூட்டத்தில் இல்லாத ஒன்றை உணர்வதற்கு, இருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பறவை நோக்கலின் அடிப்படை இதுவே என்போம்.

இந்நாட்டில் அவ்வறிவைத் தனித்துறையாக வளர்த்தவர் அறிஞர் சலீம் அலி (1896-1987). 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க, துணைவியார் தெஹ்மினாவுடன் காடுகாடாகச் சென்றார். பெரியாற்றின் கரையில், கோதமங்கலத்தை அடுத்துள்ள தட்டேக்காட்டின் பறவை வளம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1983இல் சுமார் 25 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடன் அது சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

கோடையிலா காட்டிற்குச் செல்வது என்று கேட்பார் உளர். வலசை வரும் பறவைகளைக் காணக் குளிர்காலமே ஏற்றது. ஆயினும், மண்ணிற்குரிய பறவைகள் பல கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் கோடைதான். பஜ்ர் தொழுகை முடிந்ததும் புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் காடு வாய் மூடிக்கொள்ளும். சித்திரைத் திங்களில் நாம் அங்குச் சென்றபோது, கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இருளிலேயே காட்டுக்கோழியும் குக்குறுவானும் செவிக்குப் புலப்பட்டுவிட்டன. துடுப்புவால் கரிச்சானோ பிற பறவைகளின் குரல்களைத் தன் குரலாக்கிப் புதியவர்களை ஏய்க்கவல்லது. கேட்டவுடன் குறிப்பேட்டில் எழுதிவிடலாகாது.

தட்டேக்காட்டின் தனிச்செல்வம் தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இவ்விராப்பறவையை மலையாளத்தார் மாக்காச்சிக்காட என்பர். பகலில் தாழ்ந்த கிளையில் இணையாக, அசைவின்றி அமர்ந்திருக்கும். ஆண் சாம்பல் சாயல், பெண் செம்பழுப்பு. வழிகாட்டி விரல் நீட்டிய இடத்தில் சருகுகளையே கண்டோம்; நெடுநேரம் நோக்கிய பின்னரே சருகிற்கு அலகு இருப்பது தெரிந்தது. பாசியும் மென்தூவியும் கொண்டமைத்த சிறு மெத்தையே அதன் கூடு. இடுவது ஒரே முட்டை. பகலில் அடைகாப்பது ஆண். ஒற்றை முட்டையை நம்பி வாழும் உயிரின் முன் ஒளி பாய்ச்சிப் படம் எடுப்போரை என்னென்பது!

மலபார் சாம்பல் இருவாச்சியும் அப்பருவத்தில் காணத்தக்கது. பெட்டை மரப்பொந்தினுள் தன்னை அடைத்துக்கொள்ள, சிறு பிளவின் வழியே ஆண் பழங்களை ஊட்டும். பொந்துடைய முதுமரம் வீழ்ந்தால் அக்குடும்பத்திற்கு மனை இல்லை.

சலீம் அலி சென்ற இடங்களுக்கு 2009இல் கேரளப் பறவையியலார் மீண்டும் சென்று கணக்கெடுத்தனர். அன்று அவர் நாளும் இடமும் குறித்து எழுதியிராவிடில், முக்கால் நூற்றாண்டுக்குப் பின் எதனோடு எதை ஒப்பிடுவது?

தமிழில் ஆறுமணிக் குருவி என்றொரு பெயர் உண்டு. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. குளிர்காலத்தைத் தென்னாட்டில் கழித்துக் கோடையில் வடக்கே திரும்பும் பறவை. பெயரை அறிந்திருந்த மாணவர் ஒருவர் அதற்காகவே ஆறு மணியளவில் செவி சாய்த்து நின்றார். குரல் கேட்கவில்லை. 'ஆறுமணிக் குருவி, இன்று இல்லை' என்று நாளிட்டு எழுதிக்கொண்டார்.