ஆங்கிலப் பாடம்: கலைந்த சொற்களைக் கோத்தல்

சொற்றொடர்களைக் கலைத்துப் போட்டு, "ஒழுங்கான வாக்கியமாக அமைக்க" என்று கேட்கும் பயிற்சி ஆங்கிலப் பாடநூல்களில் பழையது. சிங்கப்பூரில் 1960 முதல் நடைபெற்று வரும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலும், வாக்கியங்களை இணைத்தும் மாற்றியும் எழுதப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் காதுக்குப் பட்டபடி கோத்து விடுகிறார்கள். அதற்குக் காரணம் சோம்பல் அன்று. நம் தாய்மொழியின் தாராளமே என்போம்.

"காசிம் உமரை அழைத்தான்" என்றாலும், "உமரைக் காசிம் அழைத்தான்" என்றாலும் பொருள் ஒன்றே. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு உமரோடு ஒட்டிக்கொண்டு, அவன் எங்கே நின்றாலும் அடையாளம் காட்டி விடுகிறது. ஆங்கிலத்திலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயர்களுக்கு இத்தகைய உருபுகள் இருந்தன. அவை பெரும்பாலும் தேய்ந்து, இன்று 'ஹீ', 'ஹிம்' போன்ற சிலவற்றில்தான் மிஞ்சியுள்ளன. ஆகவே அங்கே இடமே உருபு. "காசிம் கால்ட் உமர்" என்பதைத் திருப்பினால் அழைத்தவன் உமராகி விடுவான்.

எனவே முதலில் வினையைத் தேடுக. பிறகு யார் செய்தார், எதைச் செய்தார், எங்கே, எப்போது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். இதோ கலைந்த தொடர்கள்: "அட் தி மாஸ்க்", "ரீட் தி குர்ஆன்", "எவ்ரி டே", "தி சில்ட்ரன்", "ஆஃப்டர் அஸர்". வினை 'ரீட்'. ஓதுவோர் 'தி சில்ட்ரன்'. ஆகவே, "தி சில்ட்ரன் ரீட் தி குர்ஆன் அட் தி மாஸ்க் எவ்ரி டே ஆஃப்டர் அஸர்." காலத்தை முன்னால் வைத்து, "எவ்ரி டே ஆஃப்டர் அஸர்" என்று தொடங்கினாலும் பிழையில்லை. அப்படியானால் கேட்டவர் விரும்பியது எது? பெரிய எழுத்தில் தொடங்கும் தொடரையும், முற்றுப்புள்ளி உள்ள தொடரையும் பாருங்கள். நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் இல்லாமையால், கண் எதிரே இருக்கும் இந்தத் துப்பை நம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை!

இரண்டு வினைகள் வந்தால்தான் உண்மையான சோதனை. "லிவ்ஸ் நியர் தி மாஸ்க்", "தி மேன்", "ஹூ சோல்ட் அஸ் தி ரைஸ்". தமிழில் "நமக்கு அரிசி விற்ற மனிதர்" என்று அடைமொழி முன்னே வரும். ஆங்கிலத்தில் அது பின்னே போய் நிற்கும். 'ஹூ' என்பதோடு சேர்ந்த 'சோல்ட்' வாக்கியத்தை முடிக்கும் வினை அன்று. "தி மேன் ஹூ சோல்ட் அஸ் தி ரைஸ் லிவ்ஸ் நியர் தி மாஸ்க்" என்பதே சரி. இந்த வகையைப் பெற்றோர் வீட்டில் நாள்தோறும் ஒன்றிரண்டு எழுதச் செய்யலாம்.

பெரியவர்களுக்கும் இதில் காரியம் உண்டு. நால்வர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு ஒருவர் கடிதம் எழுதுகிறார். "ஒன்லி ஐ பெய்ட் தி ரென்ட்" என்றால், மற்ற மூவரும் வாடகை தரவில்லை என்று பொருள். "ஐ பெய்ட் ஒன்லி தி ரென்ட்" என்றால், வாடகை மட்டுமே கட்டினேன், மின்சாரக் கட்டணம் போன்றவை பாக்கி என்று பொருள். ஒரு சிறு சொல் இடம் மாறியதால், முன்னதில் தோழர்கள் மீது பழி. பின்னதில் தம் மீதே கடன். கையொப்பம் இட்ட பின் "நான் அப்படி நினைத்து எழுதவில்லை" என்றால் யார் கேட்பார்?

நேயர்களுக்கு ஒரு பயிற்சி: "டு கம் எர்லி", "தி இமாம்", "ஆன் ஃப்ரைடே", "அஸ்", "ஆஸ்க்ட்". இவற்றில் 'ஆன் ஃப்ரைடே' என்பதை இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒன்றில் இமாம் அவர்கள் சொன்ன நாள் வெள்ளி. மற்றொன்றில் நாம் போக வேண்டிய நாள் வெள்ளி. இரண்டையும் எழுதிப் பாருங்கள். விடை அடுத்த இதழில்.