ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம்

அன்புள்ள தங்கைக்கு,

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று கேட்டு ஒரு படிவம் வரும். வீட்டில் பெரும்பாலும் அதற்கு முன்பே பயோ-மேத்ஸ் என்று முடிவாகியிருக்கும். இன்னொரு பக்கம், உன் வயதுப் பிள்ளைகள் பலருடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரின் முதலெழுத்து இருக்கும். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அடித்து, மனசு கேட்காமல் பக்கத்திலேயே திரும்ப எழுதிய எழுத்து. அந்த எழுத்துக்குரியவன் காமர்ஸ் எடுக்கப்போகிறான் என்று தெரிந்தால் படிவம் நிரப்பும் கை தயங்கும். வீடு ஒரு பக்கம் இழுக்கிறது, மனசு மறுபக்கம் இழுக்கிறது என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் இருப்பது ஒரே ஆபத்து: ‘நான் யார்’ என்ற கேள்விக்கு இன்னொருவருடைய விடையை வாங்கி உன் பெயரில் எழுதிக்கொள்வது.

இந்தக் கேள்வியை உளவியலில் ஊன்றி வைத்தவர் எரிக் எரிக்சன். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். தன்னைப் பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அறியாதவர். வளர்ப்புத் தந்தையின் பெயரோடு வளர்ந்து, 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். பதின்வயதுக் காதலில் பெரும்பகுதி உடல் சார்ந்ததல்ல என்று 1950-ல் அவர் எழுதினார். தன்னைப் பற்றித் தனக்குள் இருக்கும் மங்கலான உருவத்தை இன்னொருவர்மேல் படியவிட்டு, அது தெளிவாவதைப் பார்க்கும் முயற்சி அது. அதனால்தான் அந்த வயதில் பேச்சு தீருவதே இல்லை என்றார். எனவே அந்த முதலெழுத்தை நினைத்து நீ வெட்கப்பட ஒன்றுமில்லை. நீ உன்னைத் தேடுகிறாய். ஆனால் கண்ணாடியில் தெரியும் முகத்தைக் கண்ணாடிக்கே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

எரிக்சனைத் தொடர்ந்து ஜேம்ஸ் மார்சியா, கல்லூரி மாணவர்களிடம் நேர்காணல் நடத்தி 1966-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் ஒரு பிரிவினர், தாங்களாகத் தேடிப் பார்க்காமல் பெற்றோர் காட்டிய வழியை அப்படியே ஏற்றவர்கள். வெளியே பார்த்தால் உறுதியானவர்களாகத் தெரிந்தார்கள். கொடுத்த வேலையில் தோற்றபோதோ, எட்டாத இலக்கை விட்டு இறங்கி வர முடியாமல் தவித்தார்கள். அப்பாவுக்காக பயாலஜி எடுப்பதில் உள்ள பலவீனம் இதுதான். அந்த முதலெழுத்துக்குரியவனுக்காகக் கையெழுத்தின் சாய்வை மாற்றுவதும், அவனுக்காக காமர்ஸ் எடுப்பதும் இதே பலவீனத்தின் இன்னொரு முகம்.

“பெரியவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது?” என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தப் படிப்புக்கு எவ்வளவு செலவாகும், ஹாஸ்டலில் எப்படி இருக்கும், எந்த வேலை நிலைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், கேட்டுத் தெரிந்துகொள். யாரும் சொல்லாமலே உன்னை உட்கார வைக்கும் பாடம் எது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தகவல் உன்னிடம்தான் இருக்கிறது. அதை அவர்களிடம் சொல்லாமல் வைத்திருப்பது அவர்களுக்கும் நல்லதல்ல.

“பிடித்தவருக்காக மாறுவதுதானே அன்பு?” என்ற கேள்வி இன்னும் கடினமானது. மாறுவதில் தவறில்லை. அவனால் நீ இளையராஜாவைக் கேட்கத் தொடங்கியிருந்தால், அவன் வேறு ஊருக்குப் போன பிறகும் கேட்பாயா என்று பார். கேட்பாய் என்றால் அது உன்னுடையதாகிவிட்டது. அவன் கேலி செய்தான் என்பதற்காக நீ வரைவதை நிறுத்தியிருந்தால், அங்கே உன்னில் கொஞ்சம் குறைந்துவிட்டது.

எந்த முடிவையும் அவசரமாக எடுக்காதே என்று சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர், கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். கூட்டாளிகள் உடன் இருந்தபோது விளையாடியவர்கள் பொதுவாகக் கூடுதலாகத் துணிந்தார்கள். அந்தக் கூடுதல் பெரியவர்களைவிடப் பதின்வயதினரிடம் அதிகம். தோழிகள் சூழ்ந்து நிற்கும்போதும், வாட்ஸ்அப் குரூப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் எடுக்கிற முடிவு உன் முடிவுதானா என்று அதனால்தான் சந்தேகப்படச் சொல்கிறேன். பார்த்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்து உன் முடிவை மட்டுமல்ல, அவன் பெயரையும் காக்க வேண்டும். நம் அகப்பாடல் மரபில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது. காதலை அவ்வளவு விரிவாகப் பாடியவர்கள் பெயரை மட்டும் காத்தார்கள். அவன் பெயரையும் அவன் அனுப்பிய செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட்டாக்கிச் சுற்றவிடாதே. உன் படத்தை அனுப்பச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், அது யாராக இருந்தாலும், வீட்டில் சொல். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழை.

படிவம் கைக்கு வந்ததும் இரண்டு நாள் நிரப்பாமல் வைத்திரு. ப்ளஸ் ஒன் அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உயிரியலில் ஒரு பாடம், கணக்குப்பதிவியலில் ஒரு பாடம், வரலாற்றில் ஒரு பாடம் என்று தனியாக உட்கார்ந்து படி. எந்தப் பக்கத்தில் மணி பார்க்க மறந்தாயோ அந்தப் பக்கத்தை அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போ, அங்கிருந்து பேச்சைத் தொடங்கு.

அன்புடன்,
அக்கா