பெரிய நாயை வளர்ப்போர் அறிய வேண்டுவன

தச்சநல்லூர்ப் பகுதியில் நெசவுத் தொழிலிலும் வாய்க்கால் பாசன விவசாயத்திலும் ஈடுபட்டுள்ள நமது அங்கத்தினர் சிலர், அண்மைக் காலமாக இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய உயர்ந்த உருவமுடைய நாய்களை வாங்கி வளர்க்கத் தலைப்பட்டிருக்கின்றனர். நூல் மூட்டையும் நெய்த சரக்கும் வீட்டிலேயே இருக்கின்றன. அறுவடைக் காலத்தில் நெல் களத்திலே கிடக்கிறது. ஆகவே காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அவர்கள் கருதுவதில் பிழையில்லை. ஆயினும் பெரிய நாய் என்பது சிறிய நாயைப் பெரிதாக்கி வைத்ததன்று. அதன் ஆகாரம், நோய், குணம் யாவும் தனித்தன்மை உடையவை. இவற்றை அறியாமல் வாங்கியோர் ஓராண்டுக்குள் அதனைத் தெருவில் விட்டுவிடுவதையும், அதனால் அண்டை அயலார் அல்லற்படுவதையும் நாம் ஆய்வுக்குச் செல்லும் இடங்களிற் காண்கிறோம்.

நமது தென்பாண்டி நாடு நாய்களுக்குப் பேர்பெற்ற பூமி. விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையத்தின் பெயரால் வழங்கும் நாய், பொதுவாக வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. ஆண் நாய் தோள் மட்டத்தில் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை உயரும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான உடலும் ஆழ்ந்த மார்பும் கொண்டு முயல் வேட்டைக்கென வளர்க்கப்பெற்றவை. தேனி மாவட்டத்துக் கோம்பை நாய் சற்றுத் திண்மையானது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியத் தபால் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது, இராஜபாளையமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. பெருமை இருக்கட்டும்; வீட்டுக்கு வரும் குட்டியின் விஷயத்தைப் பார்ப்போம்.

குட்டியை எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரித்து விற்கலாகாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளிற் கண்ட கட்டளை. இருபத்தைந்து நாட் குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு தரகர் வந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்கக் கூடாது. தாயை நேரிற் பார்த்த பின்னரே குட்டியை வாங்குக. தாய் அஞ்சி நடுங்கினாலோ, காரணமின்றிச் சீறினாலோ அக்குணம் குட்டியிடமும் வெளிப்படக்கூடும்.

இராஜபாளையம் வாங்குவோர் இன்னொன்றையும் சோதித்தல் வேண்டும். வெண்ணிற நாய்களிற் சில பிறவியிலேயே காது கேளாதவை. தச்சநல்லூரை அடுத்த ஒரு தெருவில், தறி நெய்யும் அங்கத்தினர் ஒருவர் தம் நாயைத் தறிக்குழியை ஒட்டிக் கட்டி வைத்திருந்தார். அதன் முதுகில் பிரம்படித் தழும்பு இருந்தது. "எம்புட்டு கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கு ஐயா, திமிரு பிடிச்ச நாயி" என்றார். "அண்ணாச்சி, அது உறங்கும்போது தலைமாட்டில் ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள்" என்றோம். தட்டினார், நாய் அசையவில்லை. தறியின் ஓசை இடைவிடாது ஒலிக்கும் வீட்டில் அந்நாய் நிம்மதியாக உறங்கியதை நல்ல குணம் என்று அவர் எண்ணியிருந்தார்! செவிட்டு நாயை அடிப்பதால் பயனில்லை என்பது மட்டுமன்று, அபாயமும் உண்டு. பின்புறமாக வந்து தொடும் குழந்தையை அது திடுக்கிட்டுக் கடித்துவிடும். அதற்குக் கைச்சாடை கற்பிக்கலாம்; அருகிற் செல்லும் முன் தரையை மிதித்து அதிர்வினால் உணர்த்தலாம். அவ்வீட்டில் இப்போது அவ்விதமே செய்கின்றனர். குட்டியை வாங்கும்போதே, அது காணாத பக்கத்திலிருந்து கைதட்டிப் பார்ப்பது எளிய சோதனை. இரு காதும் கேளாததையே இச்சோதனை காட்டும். ஒரு காது மட்டும் கேளாததை மருத்துவரின் கருவி கொண்டே அறியலாம்.

இனி ஆகாரம். நாய் சோறு தின்னலாமா என்று பலர் கேட்கின்றனர். தின்னலாம். மனிதரோடு பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த காரணத்தால், மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி. ஆனால் வெறுஞ்சோறும் வடிகஞ்சியும் கொடுத்துப் பெரிய நாயை வளர்க்க இயலாது. வீட்டில் சமைத்த உணவாயின், நாயின் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு என்பது தொடக்கக் கணக்கு. 25 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு 500 முதல் 750 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கேனும் முட்டை, முள் நீக்கிய மீன், இறைச்சி, ஈரல் முதலிய புரத உணவாக இருத்தல் நலம். நாளொன்றுக்கு 600 கிராம் என்று கொண்டால் மாதத்திற்கு 18 கிலோ. அதில் புரத உணவு மட்டும் 6 கிலோ. குட்டியின் விலையைக் கேட்டு மலைப்பவர்கள் இந்த 6 கிலோவை நினைப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டு வாழும் பிராணிக்கு வாங்கும் விலை மிகச் சிறிய செலவேயாகும். தறிக் கூலியில் மாதாமாதம் இதற்கென ஒதுக்க முடியுமா என்று கணக்கிட்ட பின்னரே குட்டியைத் தூக்க வேண்டும். நூல் வாங்கவும் உரம் வாங்கவும் பெற்ற கடனிலிருந்து இச்செலவு செய்வது எவ்விதத்திலும் தகாது என்பதை அங்கத்தினர்க்கு நாம் கூறவும் வேண்டுமோ?

சிப்பிப்பாறையின் விலாவெலும்பு ஓரிரண்டு வெளியே தெரிவதைக் கண்டு, நாய் இளைத்துவிட்டதென்று திணிக்கிறவர்கள் உளர். அதன் இயல்பான அமைப்பே அது. விலாப்புறத்திற் கை வைத்தால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். இடுப்புச் சிறுத்துத் தோன்ற வேண்டும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால் மட்டுமே அது மெலிவு.

நம் சமையலறையில் நாய்க்கு ஆகாத பொருள் முதலாவது வெங்காயம். சாம்பாரும் குழம்பும் கலந்த மிச்சச் சோற்றை நாள்தோறும் ஊற்றினால், வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோற் பிளந்து குடலைக் குத்தும். பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். சிறிது தயிர் கேடில்லை. வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துத் தேவை என்று மாத்திரைகளை வாரி வழங்குவதும் தவறு. பெரிய இனக் குட்டிகளுக்கு அச்சத்துக் குறைந்தாலும் கால் வளையும். மிகுந்தாலும் எலும்பு கெடும். அளவை மருத்துவரே கூற வேண்டும்.

ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களுக்கே உரிய கொடிய ஆபத்து ஒன்றுண்டு. வயிறு காற்றினால் உப்பி, இரைப்பை தன்னைத் தானே முறுக்கிக்கொள்வது அது. வயிறு பறை போல விம்மும். நாய் வாந்தியெடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் எச்சில் ஒழுக்கும். நிற்கவும் படுக்கவும் மாட்டாமல் தவிக்கும். ஓமநீரும் பெருங்காயமும் கரைத்து ஊற்றிக் காலங்கழித்தால் நாய் இறப்பது உறுதி. சில மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை நடைபெற வேண்டும். 2012இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி இராமையன்பட்டியில் அமைந்திருப்பது நம் பகுதியினர்க்கு வாய்ப்பு. அதன் தொலைபேசி எண்ணையும் இரவு நேர ஏற்பாட்டையும் குட்டி வந்த வாரத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்க. வராமற் காக்கும் வழியும் எளிது: ஒரு வேளைப் பெருந்தீனியை இரு வேளையாகப் பகிர்ந்து கொடுத்தல், உண்பதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட விடாதிருத்தல்.

உண்ணித் தொல்லையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அறியாமையால் நாயைக் கொல்வது இதில்தான் அதிகம். பெண் உண்ணி இரத்தம் குடித்துக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கயிற்றுக் கட்டிலின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. நாயை மட்டும் சுத்தம் செய்து வீட்டை விட்டுவிட்டால், மறு மாதம் அத்தனையும் மீண்டும் நாயின் காதில் இருக்கும். படுக்கும் இடத்தை வாரந்தோறும் வெந்நீரிற் கழுவி, சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்தல் வேண்டும். விவசாய அங்கத்தினர் சிலர், வயலுக்குத் தெளித்த பூச்சிக்கொல்லியின் மிச்சத்தைத் தண்ணீரிற் கலந்து நாயின் மேல் ஊற்றுகின்றனர். நாய் தன் உடலை நக்கும் பிராணி. தோல் வழியாகவும் நஞ்சு ஏறும். வாயில் நுரை தள்ளி, தசை துடித்து, அன்றிரவே அது மடியும். அதனைத் தழுவி விளையாடும் குழந்தைக்கும் அதே நஞ்சு. நாய்க்கென்று எடைக்கேற்ற மருந்து கால்நடை மருத்துவரிடம் கிடைக்கும், அதையே பயன்படுத்துக. காய்ச்சல், ஈறு வெளுத்தல், உணவு மறுத்தல், மூக்கில் இரத்தம் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் குறிகள், தாமதம் கூடாது.

வயலில் வைத்த எலி மருந்தையும், அதைத் தின்று செத்த எலியையும் நாய் தின்னக்கூடும். மருந்து வைத்த நாட்களில் நாயைக் கட்டி வைக்க வேண்டும். பிசான நடவுக் காலத்தில் வயலில் நீர் தேங்கி எலியும் பெருகும்போது எலிக்காய்ச்சல் பரவுவதுண்டு. நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாக அது மனிதர்க்கும் வரும். அதற்கான தடுப்பூசியை நாய்க்கு ஆண்டுதோறும் போடல் வேண்டும்.

கோடையில் பன்னிரண்டு மணி வெயிலில் தார்ச்சாலையில் நாயை இழுத்துச் செல்வோரைக் காண்கிறோம். புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு நொடி தாங்க முடியவில்லையெனில் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்கு இயல்பான உடற்சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட்; 104ஐத் தாண்டி மூச்சு வாங்கித் தள்ளாடினால், நிழலிற் கிடத்தி உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்க. தண்ணீரை வாயில் பலவந்தமாகப் புகட்டலாகாது. மனிதர்க்குரிய வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரைகளையும் கொடுக்கலாகாது.

குணத்தைப் பொறுத்தவரை, மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரை குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதனை வாழ்நாள் முழுதும் அஞ்சாது. தறி ஓசை, டிராக்டர், ஆடு, கோழி, தலைப்பாகை அணிந்தவர், தடி ஊன்றிய கிழவர், பள்ளிப் பிள்ளைகள் யாவரையும் அப்பருவத்தில் அன்பாகக் காட்ட வேண்டும். தடுப்பூசி நிறைவு பெறாத குட்டியைத் தெருத் தரையில் விடாமல் கையில் எடுத்துச் சென்று காட்டுவது தக்கது. காவல் நாய் மூர்க்கமாக இருக்க வேண்டும் என்று இருட்டறையில் அடைப்பதும், மிளகாய்ப்பொடி தின்னக் கொடுப்பதும் மூடத்தனம். அயலார் வந்தால் குரைத்து உணர்த்துவதே காவல்; சங்க வசூலுக்கு வரும் பையனைக் கடிப்பது காவலன்று. இடைவிடாது சங்கிலியிற் கிடக்கும் நாயே எளிதிற் கடிக்கிறது. சொன்ன சொல்லைக் கேட்டவுடன் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுத்தால், பிரம்பு பத்து நாளிற் கற்பிக்காததை அது இரண்டு நாளிற் கற்றுக்கொள்ளும். பாவு நூலைக் கடிக்கும் குட்டிக்கு வேறு கடிபொருள் கொடுத்துத் தறியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பல் முளைக்கும் காலத்தில் கடிப்பது அதன் குற்றமன்று.

ஓடப் பிறந்த நாய்க்கு நாள்தோறும் காலையும் மாலையுமாக ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் வேண்டும். பொழுது விடிந்து பொழுது சாயும் வரை தறியில் அமரும் குடும்பத்தில் இதை யார் செய்வது? சுற்றுச்சுவரும் முற்றமும் இல்லாத, ஓட்டிச்செல்ல ஆளில்லாத வீட்டிற்கு இராஜபாளையமோ சிப்பிப்பாறையோ ஏற்றதன்று என்பது நமது அபிப்பிராயம். அத்தகையோர் நமது தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்ப்பாராயின், காவலும் குறையாது, செலவும் அடங்கும்.

எஞ்சியிருப்பது வெறிநாய்க்கடி நோய். நோய்க்குறி தோன்றிய பின் இதற்கு மருந்தில்லை. தோன்றும் முன் தடுப்பது முற்றிலும் இயலும். 1885இல் பாஸ்டர் பிரான்சில் முதன்முதலாக ஊசி போட்டுச் சிறுவனைக் காத்தார். 1907இல் குன்னூரில் அவர் பெயரால் நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்து வயிற்றில் பதினான்கு ஊசி போட்ட பழைய முறை நிறுத்தப்பட்டு இருபது ஆண்டாகிறது. அவ்வச்சத்தினால் இன்றும் மருத்துவமனைக்குச் செல்லாதோர் உளர். இப்போது தோலில் இடும் முறையாயின் முதல் நாள், 3, 7, 28ஆம் நாட்கள்; தசையில் இடும் முறையாயின் 14ஆம் நாளும் சேரும். கடித்தவுடன் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பலாகாது. ஆழமான காயத்திற்கு ஊசியோடு எதிர்ப்பு மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். கடித்தது நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடுவதும் தவறு; மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படி ஊசியும் தொடங்கி, நாயையும் பத்து நாள் கவனித்து வர வேண்டும்.

நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மறு ஊசி மருத்துவர் குறிக்கும் தேதியில், பின்பு ஆண்டுதோறும். ஒவ்வொருவராக அலைவதற்குப் பதில் சங்கச் செயலாளர், அங்கத்தினர் வீட்டு நாய்களின் எண்ணிக்கையைத் திரட்டிக் கால்நடை மருந்தகத்திற்கு எழுதினால், சங்கக் கட்டடத்து முற்றத்திலேயே முகாம் நடத்த வழி பிறக்கும். உலக வெறிநாய்க்கடித் தடுப்பு நாளாகிய செப்டம்பர் 28ஐ ஒட்டிக் கேட்பது பொருத்தம். முகாமுக்கு வரும் நாயை உறுதியான கயிற்றில், வாய்க்கூடு அணிவித்து, அதனை அடக்க வல்ல பெரியவரே கொணர வேண்டும். சிறுவர் கையிற் கொடுத்து அனுப்பலாகாது. அன்று காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாயை மருத்துவரிடம் முன்னரே சொல்லிப் பிறிதொரு நாள் ஊசி போடலாம். ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையைச் சங்கப் பாஸ் புத்தகத்தோடு சேர்த்து வைத்தால் தொலையாது.