தென்றல் மெதுவாய் அடித்தபோது

வேதபகுதி: அப்போஸ்தலர் 27:7-15, 28:11-13

இந்தப் பகுதியை நாம் புயலிலிருந்தே வாசித்துப் பழகிவிட்டோம். யூரோக்கிலிதோன் கடுங்காற்று, பதினாலு நாள் அலைச்சல், கப்பற்சேதம் என்றுதான் பிரசங்கமும் போகும். ஆனால் தீர்மானம் எடுக்கப்பட்டது புயலில் அல்ல. அதற்கு முன்னே, பத்திரமாய் நின்ற ஒரு துறைமுகத்திலே. அதை மாத்திரம் இந்த முறை பார்ப்போம்.

நல்ல துறைமுகம் கிரேத்தா தீவின் தென்கரையில் இருக்கிறது. இன்றைக்கும் கிரேக்கர் அதை ‘காலி லிமேனெஸ்’ என்கிறார்கள், அர்த்தமும் அதேதான். வடமேற்குக் காற்றுக்கு அங்கே மறைவு உண்டு. கொஞ்சம் மேற்கே மாத்தலா முனையைத் தாண்டினால் கரை வடக்கே திரும்பிவிடும், மறைவும் போய்விடும். அவர்கள் போக ஆசைப்பட்ட பேனிக்ஸ் சுமார் 40 மைல்தான். நல்ல காற்றிருந்தால் ஒரு பகல் ஓட்டம்!

இந்நாட்களில் இதே கரையோரமாய்க் கணவனும் மனைவியும் மட்டும் சிறு பாய்ப்படகில் துறை துறையாய்ப் போகிறதுண்டு. ஜூலை, ஆகஸ்டில் ‘மெல்தெமி’ என்ற வடகாற்று அவர்களைப் பிடித்து நிறுத்திவிடும். வானத்திலே மேகமே இராது, பளிச்சென்றிருக்கும். காற்றோ நாட்கணக்காய் அடிக்கும். போபோர்ட் அளவில் 8 என்றால் மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல். மலையிடுக்குகளில் இறங்குகிற காற்று திறந்த கடலிலும் பலமாய் மோதும். ஆகையால் கயிற்றை இரட்டையாய்க் கட்டி, ரேடியோவில் வானிலை கேட்டு, டப்பா சாப்பாட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதல் நாள் ஓய்வு மாதிரி இருக்கும். மூன்றாம் நாள்தான் கஷ்டம். லீவு முடிகிறது, விமான டிக்கெட் போட்டாயிற்று. “காத்து குறைஞ்ச மாதிரி இருக்கே, கிளம்பிடலாமா?” என்பார் அவர். “இன்னும் ஒரு நாள் பொறுங்களேன்” என்பாள் அவள். இருவரில் ஒருவர் வேண்டாமென்றாலும் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு பேருக்குள் ஓட்டெடுக்க முடியாதல்லவா?

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மனை வாங்க, கடன் எடுக்க, இருக்கிற வேலையை விட அவசரம். மனைவி “எனக்கு மனசு சரியில்லைங்க” என்றால், “உனக்கு விசுவாசம் இல்லை” என்று வாயை அடைத்துவிடுகிறோம். பொறுத்திரு என்கிறவர்களையெல்லாம் அவிசுவாசி என்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

பவுலைப் பாருங்கள். உபவாசநாள் கழிந்துபோயிற்று, அதாவது செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ. ரோமர் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடலை மூடிவைப்பார்கள் என்றும், செப்டம்பர் பாதிக்கு மேல் ஆபத்து என்றும் வெகேத்தியு என்ற ரோம எழுத்தாளர் எழுதியிருக்கிறார். பவுலுக்கோ இது ஏட்டுப்படிப்பு அல்ல, அதற்கு முன்னமே மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்தவர் (2 கொரி. 11:25). அப்படிப்பட்டவர் ‘போகவேண்டாம்’ என்றார்.

நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான். எஜமானுக்குத் தானியம் போய்ச் சேரவேண்டும். குளிர்காலத்தில் தானியம் கொண்டுவரும் வியாபாரிகளுக்குப் புயலால் வரும் நஷ்டத்தைத் தானே ஏற்பதாகக் கிலவுதியு ராயன் அந்தக் காலத்திலேயே சொல்லியிருந்தான் என்றால், அந்த வியாபாரத்தின் அவசரம் புரியும். அநேகம்பேர் ஆலோசனையும் அப்படியே இருந்தது. பிறகு தென்றல் மெதுவாய் அடித்தது. நினைத்தது கைகூடிற்று என்று எண்ணி நங்கூரத்தைத் தூக்கினார்கள். ‘வழி திறந்துவிட்டது’ என்று சாட்சி சொல்லக்கூடிய நேரம் அது!

அப்புறம் நடந்தது தெரியும். ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தாமே பாய்க்கப்பல் ஓட்டியவர், 1848-ல் வெளியிட்ட புத்தகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: அப்படிப்பட்ட கப்பல் காற்றில் ஒதுங்கினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 36 மைல் போகும், மெலித்தா தீவுக்கு வர அந்தப் பதினாலு நாள் சரியாகவே வருகிறது. 276 பேரும் பிழைத்தார்கள். கப்பலும் கோதுமையும் போயிற்று.

ஆனால் 28:11-ஐ நாம் வேகமாய்த் தாண்டிவிடுகிறோம். அதே மெலித்தாவில், அதே அலெக்சந்திரியா பட்டணத்துக் கப்பல் வேறொன்று, மிதுனம் என்னும் அடையாளமுடையது, மழைகாலம் முழுவதும் சும்மா தங்கியிருந்தது. மூன்று மாதம் சென்றபின்பு பவுலையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ரேகியு ஊரிலே ஒரு நாள் நின்றார்கள். மறுநாள் தென்றற்காற்று எடுத்தது. இரண்டாம் நாள் புத்தேயோலியில் இருந்தார்கள்.