மெயில் சர்வரும் மூல ஓலையும்

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

மெயில் அனுப்பத் தெரியாதவர் நம் வகுப்பில் யாரும் இல்லை. ஆனால் பட்டனை அழுத்திய பிறகு அந்தக் கடிதம் எங்கே போகிறது, யார் வாங்கி யாரிடம் கொடுக்கிறார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் கூகுள் பாத்துக்கும்" என்றுதான் சொல்கிறோம். பார்த்துக்கொள்வது மெயில் சர்வர். நம் லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி இதைக் கற்றுக்கொண்டேன். கற்றதை எழுதுகிறேன்.

மெயில் சர்வர் ஒரு தபால் ஆபீஸ். வந்த கடிதத்தை வாங்கி வைக்கும். அடுத்த ஆபீஸ் எது என்று டிஎன்எஸ்-இல் உள்ள எம்எக்ஸ் பதிவைப் பார்த்து அனுப்பும். அந்தப் பக்கத்து சர்வர் படுத்துவிட்டால் கடிதம் வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை முயன்று பார்க்கும். இந்தக் காத்திருப்பு புதிதல்ல. 1986-இல் இந்தியாவில் எர்நெட் தொடங்கியபோது அதில் சேர்ந்த நிலையங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. ஆரம்பத்தில் டெலிபோன் லைனில் மோடம் வைத்து டயல் செய்துதான் மெயில் போயிற்று. லைன் கிடைக்கும்வரை கடிதம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இனி அமைப்பு. 'மெயின்.சிஎஃப்' என்ற கோப்பில் முக்கியமாக மூன்று வரி. 'மைஹோஸ்ட்நேம்' சர்வரின் பெயர். 'மைடெஸ்டினேஷன்' என்பது எந்த டொமைனுக்கு வரும் கடிதத்தை இங்கேயே இறக்கிக்கொள்வது என்பது. 'மைநெட்வொர்க்ஸ்' என்பது யார் கொடுக்கும் கடிதத்தை நம்பி வெளியே கொண்டுபோவது என்பது. இந்த மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். லேப் முகவரிகளை மட்டும் கொடுக்காமல் உலகத்துக்கே திறந்துவிட்டால் அதற்குப் பெயர் ஓபன் ரிலே. எவனோ அனுப்பும் குப்பையெல்லாம் நம் சர்வர் வழியாகப் போகும். நம் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும். கோப்பை மாற்றிய பிறகு 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' கொடுத்து, ரீலோடு செய்து, மெயில் லாக்கைப் பார்க்கவும். சந்தேகம் எதுவாக இருந்தாலும் பதில் லாக்கில்தான் இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் அடுத்தது. டெல்நெட் மூலம் 25-ஆம் போர்ட்டுக்குப் போனால் சர்வரோடு நாமே பேசலாம். அது முதலில் 220 என்று வரவேற்கும். நாம் 'ஈஹலோ' சொன்னால் 250 என்று தலையாட்டும். 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநரைச் சொல்ல வேண்டும், 'ஆர்சிபிடி டு' என்று பெறுநரைச் சொல்ல வேண்டும். 'டேட்டா' என்றால் 354, அதாவது கடிதத்தைச் சொல்லு என்று அர்த்தம். எழுதி முடித்து, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் மறுபடி 250. வேலை முடிந்தது.

லேப் சார் பக்கத்தில் இருக்கும்போதே, அவர் அனுமதியோடு, கடிதத்தில் அனுப்புநர் இடத்தில் அவர் பெயரையே போட்டேன். அது அப்படியே போய்ச் சேர்ந்தது. நீ யாரு, எந்த ஊரு என்று சர்வர் ஒரு வார்த்தை கேட்கவில்லை! எஸ்எம்டிபி விதிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அன்று வலையில் இருந்தவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும். ஒருவரை ஒருவர் நம்பினார்கள்.

இந்த இடத்தில் எங்க ஊர் வழக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. நான் திருவெண்ணெய்நல்லூர்க்காரன். பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் வழக்கு நடப்பது எங்கள் ஊரில்தான். 'நீ எனக்கு அடிமை' என்று ஒரு முதியவர் ஓலையோடு வந்தார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். 'அது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது' என்றார் முதியவர். சபையார் வாயால் சொன்னதை நம்பவில்லை. சுந்தரரின் பாட்டனார் வேறொரு சமயம் எழுதிக் காப்பில் இருந்த கையெழுத்தைக் கொண்டுவந்து ஒத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. பிறகுதான் தீர்ப்பு.

டிகேஐஎம் என்பது இதே வேலைதான். அனுப்பும் சர்வர் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் கடிதத்தில் கையெழுத்திடும். ஒத்துப் பார்ப்பதற்கான பொதுச்சாவி டிஎன்எஸ்-இல், அதாவது அந்த டொமைன்காரரின் காப்பில் இருக்கும். எஸ்பிஎஃப் என்பது எங்கள் கடிதத்தை இன்னின்ன ஐபி முகவரிகள்தான் கொண்டுவரும் என்ற பட்டியல். கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு இவை பொருந்தாவிட்டால் விடுவதா, ஸ்பாமில் போடுவதா, திருப்பி அடிப்பதா என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் கடிதம் அனுப்புகிறவர்களிடம் கூகுள் இந்த மூன்றையும் கட்டாயமாகக் கேட்கிறது.

இது லேபோடு முடிகிற விஷயம் இல்லை. எங்க குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். ஆகவே தெருவில் யாருக்கு லெட்டர் வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. போன கோடையில் பக்கத்து வீட்டு மாமா போனை நீட்டினார். "தம்பி, பாப்பாவுக்கு வேலை வந்திருக்குப்பா. பயிற்சிக்கு 6,500 கட்டணுமாம். தோட்டை வச்சிட்டுக் கட்டிடலாமா?" ஒரு பெரிய கம்பெனியின் பெயர், முத்திரை எல்லாம் இருந்தது. ஸ்பாமில் கிடந்ததை அக்காவே தேடி எடுத்திருந்தாள். நான் 'ஷோ ஒரிஜினல்' போட்டுப் பார்த்தேன். எஸ்பிஎஃப் ஃபெயில், டிமார்க் ஃபெயில், டிகேஐஎம் கையெழுத்தே இல்லை. பதில் போக வேண்டிய முகவரியோ ஓர் இலவச மெயில் கணக்கு. "மாமா, தோட்டை எடுத்து உள்ள வைங்க" என்றேன். அக்கா அன்று சாப்பிடவில்லை.

ஒன்று மட்டும் கவனிக்கவும். மூன்றும் பாஸ் என்று வந்துவிட்டால் கடிதம் நல்லது என்று ஆகிவிடாது. அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே அர்த்தம். ஓர் எழுத்தை மாற்றி டொமைன் வாங்கியவனும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். ஆகவே டொமைன் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும்.

லேப் சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்து டவ்காட் போட்டு, வந்த கடிதங்களை ஐமேப் வழியாகப் படிக்க வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலை 4 மணிக்கு மேல் அங்கேதான் இருப்பேன். சேர்ந்து செய்ய விருப்பம் உள்ளவர்கள் ஒரு நோட்டோடு வரவும்.