விண்ணில் உமார் கய்யாம்: சிறுகோள் பெயரும் கவிமணியின் தமிழாக்கமும்

முன்னுரை

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் 3095 என்னும் எண்ணுடையது பாரசீகக் கவிஞர் உமார் கய்யாமின் (1048–1131) பெயரைத் தாங்கியுள்ளது. கிரிமிய வானியற்பியல் ஆய்வகத்தில் லுத்மிலா சுராவ்லியோவா 1980 செப்டம்பரில் அதனைக் கண்டறிந்தார். அக்கய்யாமைத் தமிழுலகம் பெரிதும் அறிந்தது நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் (1876–1954) 'உமார்கய்யாம் பாடல்கள்' வழியாகும். விண்ணில் இடம்பெற்ற கய்யாமும் தமிழில் இடம்பெற்ற கய்யாமும் ஒருவர்தாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரீட்டு மரபு

சிறுகோள் ஒன்றன் சுற்றுப்பாதை ஐயமற உறுதிப்பட்ட பின்னரே அதற்கு எண் வழங்கப்படுகிறது. அதன்பின் கண்டறிந்தவர் பெயரை முன்மொழிய, பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்பளிக்கிறது. கவிஞர் பெயரைச் சிறுகோளுக்கு இடுதல் தமிழ் மண்ணோடும் தொடர்புடையது. சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1864இல் கண்டறிந்த 80ஆம் சிறுகோள், பண்டைக் கிரேக்கப் பெண்பாற் புலவர் சாப்போவின் பெயரைப் பெற்றது. சாப்போ வானியலார் அல்லர். பெயர் அங்கே புகழ்ச்சி மட்டுமே. கய்யாமின் நிலை வேறு. அவர் சல்சூக்கிய அரசன் மாலிக் ஷாவின் ஆதரவில் இசுபகானில் வானாய்வு நிகழ்த்தி, 1079இல் நடைமுறைக்கு வந்த சலாலி ஞாயிற்று நாட்காட்டியை உருவாக்கிய அறிஞர் குழுவில் இருந்தவர். எனவே 3095ஆம் சிறுகோளின் பெயர் கவிஞரையும் கணித்தவரையும் ஒருசேரக் குறிக்கிறது.

பாடல்கள் வந்த வழி

ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்திலுள்ள, 158 பாடல்கள் கொண்ட 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியையும், கல்கத்தாவிலிருந்து கிடைத்த மற்றொரு படியையும் கொண்டு எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு தம் ஆங்கில ஆக்கத்தை 1859இல் வெளியிட்டார். பாரசீகத் தொகுப்புகளில் நாலடிப் பாடல்கள் இயைபெழுத்து வரிசையில் தனித்தனியே நிற்பன. அவற்றை விடியலில் தொடங்கி நிலவெழும் இரவில் முடியும் ஒரே தொடராக அமைத்தவர் பிட்ஸ்ஜெரால்டே. ஆயினும் அவர் தம் நூலின் முகப்பில் கய்யாமை 'பாரசீகத்தின் வானியற் கவிஞர்' என்றே அறிமுகப்படுத்தினார். அவ்வாங்கில ஆக்கத்தைத் தழுவிய கவிமணியின் நூற்பெயரில் அவ்வடைமொழி இல்லை. பாடல் தமிழுக்கு வந்தது; வானியலார் என்னும் அடையாளம் தலைப்பளவில் விடுபட்டது.

இவ்விடுபாடு பொருள்கோளையும் தொடுகிறது. மதுவும் காதலும் பாடும் இன்பவாதியாக மட்டும் கய்யாமைக் கொண்டால், உலகின் புதிரை அறிய இயலாமை பற்றிய பாடல்கள் சோர்ந்தவனின் கூற்றாகத் தோன்றும். ஆண்டின் நீளத்தைக் கணித்தவரின் கூற்றாகக் கொண்டால், அவை அளக்கத்தக்கதை அளந்து முடித்து, அளவைக்கு அடங்காததன் எல்லையில் நின்றவரின் கூற்றாகும். இப்பாடல்களுள் எவை கய்யாமுடையன என்பது அறிஞரிடையே முடிவுறா வினாவாதலின், இவ்விரண்டாம் வாசிப்பை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாது, பொருள்கோள் நெறியாகக் கொள்வதே தகும்.

கவிமணியின் இருமை

கவிமணியும் பாவலர் மட்டுமல்லர். கல்வெட்டுகளை ஆராய்ந்து காந்தளூர்ச்சாலை குறித்து எழுதிய வரலாற்றாய்வாளர். ஆவணி முதலாகக் கணக்கிடப்படும் கொல்லம் ஆண்டு வழங்கிய நாஞ்சில் நாட்டில், கல்வெட்டாய்வு காலக்கணிப்போடு பிரிக்கவொண்ணாதது. காலத்தைக் கணிக்கும் அறிவும் காலத்தின் நிலையாமையைப் பாடும் உள்ளமும் ஒருவரிடம் கூடியிருத்தல் கய்யாமுக்கும் அவரைத் தமிழாக்கியவருக்கும் பொதுவாக அமைகிறது. கவிமணியின் ஆய்வுகளையும் தமிழாக்கத்தையும் தனித்தனியே பயிலும் வழக்கம் இவ்வொற்றுமையை மறைத்துவிடுகிறது.

முடிவுரை

சிறுகோளின் பெயர் கய்யாமின் இரு அடையாளங்களையும் ஒருங்கே காக்கிறது. தமிழாக்கம் அவற்றுள் ஒன்றைச் சிறப்புறக் காத்தது. மற்றொன்றையும் உடன்வைத்து 'உமார்கய்யாம் பாடல்க'ளை மீள்வாசிப்புச் செய்வது, கவிமணியின் தமிழாக்கத் தேர்வையும் அவர்தம் ஆய்வுள்ளத்தையும் ஒருசேர விளங்கச்செய்யும்.