கரிசல் நிலத்து நீச்சற்குளமும் குளோரின் தேர்வும்

நீரைத் தூய்மை செய்தற்கு மக்கள் கைக்கொண்ட பொருள்களுள் தலைசிறந்து நிற்பது குளோரின் என்னும் வளியாகும். 1774-ஆம் ஆண்டில் ஷீலே என்னும் சுவீடன் நாட்டறிஞர் இதனை முதன்முதற் பிரித்தெடுத்தார். 1799-இல் ஸ்காத்லாந்து நாட்டினராகிய சார்லஸ் டெனன்ட் என்பார், இவ்வளியை நீற்றுச் சுண்ணாம்பிற் படியச் செய்து தூளாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அத்தூளே நாம் பிளீச்சிங் பவுடர் என்று வழங்குவது. 1810-இல் ஹம்பிரி டேவி என்பார், இவ்வளி ஒரு தனிமமே எனத் தெளிந்து, இளம்பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குப் பெயர் அமைத்தார். துணி வெளுத்தற்குப் பயன்பட்ட இப்பொருள், 1908-இல் அமெரிக்காவிலுள்ள ஜெர்சி நகரத்தின் குடிநீருக்கு இடைவிடாது இடப்பெற்ற பின்னர் உலகெங்கும் பரவிற்று.

இனி, வீட்டிலே நீச்சற்குளம் அமைத்துக் கொண்டோர் இக்குளோரினை எவ்வுருவில் வாங்குதல் நன்று என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் காட்டிற்கு நீச்சற்குளம் ஏது என்று வினவுவாரும் உளராவர். அவ்வினா தக்கதே. மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கும் நிலம் இது. கோடையில் வெடித்துப் பிளக்கும். ஐப்பசி கார்த்திகையில் காலைப் பற்றிக்கொண்டு விடாது. கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பும் கடினமும் உடையது. நகர மக்களோ தொலைவிலுள்ள தாமிரபரணியாற்று நீரைக் குழாய் வழியே பெற்றுப் பருகுகின்றனர். இத்தகைய நாட்டிலே எட்டு மீட்டர் நீளமும், நான்கு மீட்டர் அகலமும், ஒன்றேகால் மீட்டர் ஆழமும் உள்ள சிறு குளமொன்றை நிரப்ப 40,000 லிட்டர் நீர் வேண்டும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் சிற்றூர்களில் ஓராளுக்கு நாளொன்றுக்கு வகுத்த அளவு 55 லிட்டர். எனவே அக்குள நீர், ஐவர் கொண்ட குடும்பமொன்றிற்கு ஏறத்தாழ 145 நாட்களுக்குப் போதுமானதாகும். ஆதலின், ஒருமுறை நிரப்பிய நீரை நெடுநாள் கெடாது காத்தலே இங்குக் குளமுடையார்க்குரிய முதற்கடமை. எக்குளோரினைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவும் இக்கடமையைச் சார்ந்தே நிற்கின்றது.

குளோரின் எவ்வுருவில் வரினும் நீரிற் கலந்தபின் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் ஒரே பொருளாகின்றது. நுண்ணுயிர்களைக் கொல்வது அதுவே. அங்ஙனமாயின் வேறுபாடு யாதெனின், குளோரினோடு உடன்வரும் துணைப்பொருளே என்க. குளோரின் தன் வேலையை முடித்து நீங்கும். துணையாக வந்தது குளத்திலேயே தங்கும். வெயிலில் நீர் ஆவியாகுமேயன்றி அது ஆவியாகாது. வடிகட்டியும் அதனைப் பற்றாது. பழைய நீரை இறைத்துப் புதுநீர் விடுவதே அதனைக் குறைக்கும் எளிய வழி. மழை குறைந்து வெயில் மிகுந்த கரிசல் நாட்டிலே இஃது இரட்டிப்பு இடராகும்.

கடைகளிற் கிடைப்பன பெரும்பாலும் நான்கு வகை. முதலாவது பிளீச்சிங் பவுடர். புதியதாயின் நூற்றுக்கு 33 பங்கு அளவிற் குளோரின் தரவல்லது. இதில் சுண்ணாம்பு மிகுதி. குளத்தின் அடியில் வண்டல் படியும். இரண்டாவது கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை; நூற்றுக்கு 65 முதல் 70 வரை வலியுடையது. மூன்றாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், 10 முதல் 12 வரை வலியுடையது, கன்னாசில் வரும். நான்காவது டிரைகுளோர் வில்லை; நூற்றுக்கு 90 வரை வலியுடையது; மெல்லக் கரைவது. இதனோடு உடன்வரும் சயனூரிக் அமிலம், குளோரினை வெயில் சிதைக்காதபடி காக்கும் தன்மையது.

வலிமிக்கதே சிறந்தது என்று கொள்வது உலக வழக்கு. அது பொருந்துமா என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். நாள்தோறும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வீதம் நூறு நாள் இட்டால் மொத்தம் 200 மில்லிகிராம் ஆகும். அதனை டிரைகுளோராக இடின், லிட்டருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் சேரும். 30 முதல் 50 வரை இருத்தலே நலம். 100-ஐக் கடந்தாலோ, குளோரின் நீரில் இருந்தும் இல்லாதது போலாகி, பாசி படரத் தொடங்கும். 120-ஐ 60 ஆக்குவதற்குப் பாதிக் குளத்தை இறைத்தல் வேண்டும். அஃதாவது 20,000 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளந்தால் 1,300 குடங்களுக்கு மேலாகும். குடமேந்திக் குழாயடியிற் காத்து நிற்போர் உள்ள ஊரில் இதனைச் சிறு தொகையென்று எவர் சொல்லத் துணிவர்?

கால்சியம் குருணையை இடின், அந்நூறு நாளில் நீரின் கடினத்தன்மை 140 மில்லிகிராம் ஏறும். மென்னீர் உள்ள ஊர்களில் இது பெருங்குற்றமன்று. இந்நாட்டுக் கிணற்று நீரோ முன்னரே கடினமுடையது. மேலும் ஏற்றினால் சுவரிலும் குழாயிலும் வெண்பொருக்குப் படியும். பிளீச்சிங் பவுடரில் இக்குற்றம் இன்னும் மிகுதி. கரைசலை இடின், சேர்வது சோற்றுப்புக்கு ஒத்த உப்பே. நூறு நாளில் ஏறத்தாழ 330 மில்லிகிராம். ஏனையவற்றாலும் இதிற் பாதியளவு உப்பு எவ்வாற்றானும் சேர்வதே. உப்பு நீந்துவார்க்கு இடர் செய்யாது, குளோரினைச் சோம்பச் செய்யாது, பொருக்கும் கட்டாது. ஆதலின், இந்நிலத்திற்கு நாள்தோறும் இடத்தக்கது கரைசலே என்பது எம் துணிபு.

எனினும் கரைசலுக்கும் குறைகள் உண்டு. வெப்பத்தில் அதன் வலி விரைந்து குன்றும். கோடையிற் பல வாரங்களுக்கு வாங்கி வைத்தல் வீண். சில நாட்களுக்கு வேண்டிய அளவே வாங்கி, நிழலில் மூடி வைத்து, அந்தியில் இடுதல் நன்று. காப்பின்றி உச்சிவெயிலில் நிற்கும் நீரில் ஒரு மணி நேரத்திற்குள் குளோரினிற் பாதிக்குமேல் அழிந்துபோம். ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை சயனூரிக் அமிலத்தை 30 மில்லிகிராம் அளவிற்குத் தனியே சேர்த்துவிட்டு, பின்னர் கரைசலையே இட்டு வருதல் முறை. நீரின் காரத்தன்மையையும் நோக்குதல் வேண்டும். பி.எச். 7.5 அளவில் குளோரினிற் பாதி வலிய உருவில் நிற்கும்; 8 ஆகும்போது கால்பங்கே நிற்கும். காரம் மிக்க நீரில் எவ்வகைக் குளோரினும் பயன் குறைந்தே தோன்றும்.

உப்பினின்று மின்சாரத்தாற் குளோரின் ஆக்கும் கருவியும் உண்டு. அருகே தூத்துக்குடியில் உப்பளங்கள் நிறைந்திருத்தலின் இது பொருத்தமென்று தோன்றலாம். ஆனால் அக்குளத்தில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் அளவில் உப்பு நிற்றல் வேண்டும். அந்நீரை வயலில் விட்டால், களிமண் மிக்க கரிசல் தன் இயல்பு கெட்டு இறுகிப்போம். குளத்தைக் காத்து நிலத்தைக் கெடுத்தல் அறிவுடைமையன்று.

இனிப் பாதுகாப்பு. கோவில்பட்டியார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வூர்த் தீப்பெட்டி ஆபீசுகளில் குச்சி மருந்திற் சேரும் பொட்டாசியம் குளோரேட்டும் குளோரினுக்கு உறவானதே. அதனைக் குச்சியிலும், சிவப்புப் பாஸ்வரத்தைப் பெட்டியின் பக்கத்திலும் பிரித்து வைத்திருப்பதனாலன்றோ தீப்பெட்டி நம் கையில் அமைதியாயிருக்கின்றது? அவ்வாறே டிரைகுளோரையும் கால்சியம் குருணையையும் ஒருங்கு கலத்தலாகாது. கலந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். கரைசலோடு அமிலம் சேரின் குளோரின் வளி எழும். 1915 ஏப்ரல் 22-இல் ஈப்ரே நகரருகே போர்க்களத்திற் படைஞரை மாய்த்த வளி அதுவே. எதனையும் நீரிலிட்டுக் கரைக்க வேண்டுமேயன்றி, மருந்தின்மேல் நீரை ஊற்றலாகாது.

நம் முன்னோர் உண்ணும் நீருக்கு ஊருணி என்றும், குளிக்கும் நீருக்குக் குளம் என்றும் வேறு வேறு பெயரிட்டு வழங்கினர். குளோரினிலும் அவ்வேறுபாடு வேண்டும். நீச்சற்குளத்து வில்லையைக் குடிநீர்க் கிணற்றில் இடலாகாது. கிணற்றிற்கு உரியது பிளீச்சிங் பவுடரே. 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம். நான்கு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 37,700 லிட்டர் நிற்கும். அதற்கு 94 கிராம் போதும். தூளை வாளியிற் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிநீரை மட்டும் கிணற்றில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்தே இறைத்தல் வேண்டும். குளத்தில் குற்றமெனப்பட்ட பொருளே கிணற்றில் குணமாவதைக் காண்க. கிணற்று நீர் நாள்தோறும் இறைபட்டு ஊறுவது. குளத்து நீர் அங்கேயே தேங்கி நிற்பது.

இதனால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. ஒரு மருந்தின் நன்மை தீமை அதன் வலியில் மட்டும் இல்லை. அஃது இடப்படும் நீரிலும், அந்நீர் நிற்கும் நிலத்திலும், அந்நிலத்து மக்களின் தேவையிலும் உள்ளது. குளமுடையார் கார்த்திகை மழையைக் கூரையினின்று பிடித்துக் குளத்திற் சேர்ப்பாராக. வெயிற்காலத்தில் குளத்தைப் போர்வையால் மூடுவாராக. வாங்கும் மருந்தினோடு உடன்வருவது யாதென்று கேட்டறிந்து வாங்குவாராக. அங்ஙனம் காக்கப்படும் ஒவ்வொரு குடம் நீரும் இந்நாட்டிற் பிறர்க்கு உதவும் நீராகும்.